பைக்கின் சார்ஜிங் கப்ளர் உருகுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது முதல் சரிசெய்வது வரை

பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கத்துக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு) உருகியிருந்தால் பல பட்டறைகளில் நடப்பது இதுதான். கப்ளரை வெட்டிப் போட்டுவிட்டு, ஒயர்களை நேராக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, "போயிட்டு வாங்க, இனி ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவிடுவார்கள். சில மாதங்களில் அதே இடத்திலிருந்து மறுபடியும் தீய்ந்த வாடை வரும். இல்லையென்றால் ரெகுலேட்டரை மாற்றுவார்கள், அப்புறம் பேட்டரியை, கடைசியில் எஞ்சினுக்குள் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர் காயிலையும் மாற்றுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் கப்ளர் உருகிக்கொண்டேதான் இருக்கும். உருகிய கப்ளர் சொல்வது ஒரே விஷயம்: அந்த இடத்தில் மின்தடை கூடிவிட்டது, அதனால் சூடாகிறது. தடை எங்கே, எவ்வளவு என்று அளக்காமல் எதை மாற்றினாலும் காசுதான் போகும்.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று தினமும் எல்லை தாண்டி ஓடுகிற பைக்குகளில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஜூனில் சாரல் தொடங்கினால் செப்டம்பர் வரை ஈரம், அது ஓய்ந்ததும் ஐப்பசி கார்த்திகை மழை, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம். கப்ளருக்குள் புகுந்த தண்ணீர் காய நேரமே கிடைப்பதில்லை. போதாததற்குப் புளியரை எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது, காற்றுப்பட்டுக் குளிர வேண்டிய ரெகுலேட்டருக்குக் காற்றே கிடைக்காது.

இங்கே சொல்வது, எஞ்சினிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வெளியே வந்து ரெகுலேட்டருக்குப் போகிற 12 வோல்ட் பைக்குகளுக்கு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் ஒயரில் கத்தி வைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுவது நல்லது.

ஏன் சூடாகிறது

கப்ளருக்குள் இருக்கும் பெண் முனை ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரி ஆண் முனையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதிர்வில் பிடி தளர்ந்தாலோ, ஈரத்தில் களிம்பு ஏறினாலோ தொடும் பரப்பு குறையும், தடை கூடும். சூடு என்பது மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியது. 15 ஆம்பியர் போகிற இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தால் இரண்டேகால் வாட் சூடுதான், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவே. அதே தடை 0.1 ஓம் ஆனால் 22 வாட்டைத் தாண்டிவிடும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சோல்டரிங் அயனைக் கப்ளருக்குள் செருகி வைத்ததற்குச் சமம் அது. சூட்டில் முனையின் ஸ்பிரிங் விறைப்பு போய்விடும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. அதனால்தான் நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியில் திடீரென்று கப்ளர் கருகியது போலத் தெரிகிறது. உண்மையில் அது பல மாதமாக நடந்துகொண்டிருந்த வேலை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, கோளாறைப் பிடிக்க அதுதான் திறவுகோல். நம் ஊரில் ஓடும் பைக்குகளில் நிறைய வண்டிகளுக்கு ஷண்ட் வகை ரெகுலேட்டர்தான். ஸ்டேட்டரைச் சுற்றிச் சுழல்வது நிரந்தரக் காந்தம், உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி கிடையாது. வண்டிக்குத் தேவைப்படாத மின்சாரத்தை இந்த ரெகுலேட்டர் குறுக்குச்சுற்று ஆக்கி ஸ்டேட்டருக்கே திருப்பிவிடுகிறது. அதாவது நீங்கள் விளக்குப் போட்டாலும் அணைத்தாலும் மஞ்சள் ஒயர்களில் ஓடும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற சிவப்பு ஒயரில் மட்டும்தான் விளக்கு, ஹாரன், சார்ஜ் என்று தேவைக்கேற்ப ஓட்டம் கூடிக் குறையும். சீரிஸ் வகை ரெகுலேட்டர் அப்படி இல்லை, அது தேவையில்லாதபோது சுற்றைத் திறந்துவிடும், ஸ்டேட்டருக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஆகவே மஞ்சள் கப்ளர் உருகியிருந்தால் "ஃபாக் லேம்ப் போட்டதால்தான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை, அங்கே முனையின் பிடியையும் களிம்பையும் பார்க்க வேண்டும். சிவப்பு, எர்த் பக்கம் உருகியிருந்தால்தான் கூடுதல் லோடு மீதும் பலவீனமான பேட்டரி மீதும் சந்தேகம் வர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அச்சன்கோவில் பக்கம் இரவில் மலை ஏறுவதற்காக 40 வாட் விளக்கு இரண்டு மாட்டுகிறார்கள், அது மட்டும் சுமார் 6 ஆம்பியர். 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது, ஆகவே அந்த லோடும் பகல் முழுக்க மேலே ஏறி நிற்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சைடு பேனலையோ டேங்கையோ எடுத்தால் ஸ்டேட்டர் ஒயரை எஞ்சினிலிருந்து பின்தொடர்ந்து கப்ளருக்குப் போய்விடலாம். இழுக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டு நாக்கை அழுத்தி, கப்ளரின் உடம்பைப் பிடித்து அசைத்து எடுங்கள். உருகி ஒட்டியிருந்தால் எப்படியும் வராது, அதை வெட்டத்தான் போகிறோம், அடம்பிடிக்க வேண்டாம்.

புனலூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் ஒரு அண்ணன் கொண்டுவந்த வண்டியைச் சொல்கிறேன். "தம்பி, ரெண்டு ரெகுலேட்டர் மாத்தியாச்சு, பேட்டரி மறுபடியும் படுத்துக்குது" என்றார். கப்ளரைத் திறந்தால் மூன்று துளையில் இரண்டு பால் வெள்ளையாகப் புதுசு போல இருக்கிறது. மூன்றாவதைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தேன் நிறத்தில் தொடங்கி விளிம்பில் கரியாகியிருந்தது. உள்ளே இருந்த பெண் முனையின் இரண்டு உதடும் விரிந்து, நீலம் பாய்ந்த பித்தளையாக நின்றது, ஒயரை ஒரு விரல் நீளம் உரித்துப் பார்த்தால் செம்பு இழைகள் மங்கிக் கறுத்திருந்தன. ரெகுலேட்டர் இரண்டும் நன்றாகவே இருந்தன. அந்த ஒற்றை முனையால் மூன்று பேஸில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை, பேட்டரிக்குச் சார்ஜ் போதவில்லை, கதை அவ்வளவுதான்.

ஒரே ஒரு துளை மட்டும் கருகியிருந்தால் அந்த முனையின் பிடி போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ரெகுலேட்டருக்குள் ஒரு பேஸ் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படி வரலாம், கீழே அளக்கும்போது தெரிந்துவிடும். மூன்றும் ஒரே அளவுக்குப் பழுத்திருந்தால், அந்தக் கப்ளரே அந்த மின்னோட்டத்துக்குச் சிறியது, அல்லது எல்லா முனையும் சேர்ந்து வயதாகிவிட்டது. பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் வழியைத் தேட வேண்டும். ஃபியூஸ் பெட்டி, ஸ்டார்ட்டர் ரிலேயில் மெயின் ஃபியூஸ் உட்காரும் இடம், பாடி எர்த் திம்பிள் (எர்த் ஒயரை ஃபிரேமில் இறுக்கும் வளைய முனை) இவற்றையும் விட்டுவிடாதீர்கள். அங்கேயும் இதே கதை நடக்கும், ஆனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மல்டிமீட்டரை எடுங்கள்

பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு 4000 முதல் 5000 ஆர்பிஎம்மில் வைத்தால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும், துல்லியமான எண் உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம். 13-க்குக் கீழே நின்றால் கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்ந்து போகலாம்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்: வோல்டேஜ் வீழ்ச்சியை அளப்பது. ஓம் மீட்டரில் கப்ளரை அளந்து "தடையே இல்லையே" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. சாதாரண மீட்டரால் 0.1 ஓமை நம்பகமாகக் காட்ட முடியாது, அதன் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும். மீட்டரை டிசியில் வையுங்கள். சிவப்பு முள்ளை ரெகுலேட்டர் கப்ளரின் பின்பக்கமாகச் சிவப்பு ஒயர் முனையில் தொடுங்கள், கறுப்பு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவ் முனையிலேயே வையுங்கள், ஹெட்லைட் எரியட்டும், எஞ்சின் 4000-இல் ஓடட்டும். 0.2 வோல்ட் வரை வந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தொட்டால் நடுவில் எங்கோ தடை இருக்கிறது. 0.8 வோல்ட் காட்டுகிறது, 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 8 வாட் அந்தப் பாதையில் சூடாகவே வீணாகிறது. இப்போது கறுப்பு முள்ளைப் பேட்டரியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்த்துங்கள், ஸ்டார்ட்டர் ரிலே, மெயின் ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கப்ளரின் மறுபக்கம் என்று. எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி. எர்த் பக்கமும் இதே மாதிரி, ரெகுலேட்டரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். எர்த்தைத் தவிர்த்துவிட்டு பாசிட்டிவ் பக்கம் மட்டும் தேடுவதால்தான் பாதிப் பேருக்குக் கோளாறு கிடைப்பதில்லை.

இந்த வீழ்ச்சி பேட்டரியையும் கெடுக்கிறது. தன் வெளியேறும் முனையிலேயே வோல்டேஜைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அங்கே 14.4 வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்ளும், பேட்டரிக்குப் போய்ச் சேருவதோ 13.6. அது என்றைக்கும் முழுதாகச் சார்ஜ் ஆகாது, சீக்கிரமே செத்துப்போகும், பழி பேட்டரி மேல் விழும்.

மஞ்சள் பக்கம் ஏசி. அங்கே வீழ்ச்சியை அளக்கக் கொஞ்சம் நல்ல மீட்டர் வேண்டும், மலிவான மீட்டர்களில் ஏசியின் மிகச் சிறிய அளவே 200 வோல்ட்டில் தொடங்கும், சின்ன வித்தியாசம் அதில் தெரியாது. அப்படியானால் சூட்டை அளந்துவிடுங்கள். 20 நிமிடம் வண்டியை ஓட்டி வந்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் மூன்று ஒயரும் கப்ளருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, மூன்றில் ஒன்று மட்டும் தனியாக ஏறியிருக்கிறதா என்பதே முக்கியம். கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: சாதாரண ஏசி கிளாம்பே போதும், மூன்று மஞ்சள் ஒயரிலும் ஓட்டம் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும்.

ஸ்டேட்டர் காயிலை ஒதுக்கிவிட இரண்டு சோதனை. கப்ளரைப் பிரித்து, எஞ்சின் பக்கத்து மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக ஓமில் அளங்கள். பொதுவாக ஒரு ஓமுக்குள் இருக்கும், மூன்று ஜோடியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒவ்வொரு மஞ்சளுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது, இருந்தால் காயில் போய்விட்டது. அப்புறம் எஞ்சினை ஓட்டி, பிரித்த நிலையிலேயே ஜோடி ஜோடியாக ஏசி வோல்டேஜ் பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும், 5000-இல் 50 வோல்ட்டுக்கு மேல் போவது சகஜம், மூன்றும் சமமாக ஏற வேண்டும். இது கையில் பட்டால் நன்றாகவே அடிக்கும், ஈரத் தரையில் நின்றுகொண்டோ ஈரக் கையோடோ செய்யாதீர்கள்.

ரெகுலேட்டரை டையோடு சோதனையில் பாருங்கள். ஒவ்வொரு மஞ்சள் முனையிலிருந்தும் பாசிட்டிவ் முனைக்கு ஒரு திசையில் அரை வோல்ட் அளவில் காட்டி, மறு திசையில் திறந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் இரண்டு திசையிலும் பூஜ்யத்துக்கு அருகே வந்தால் அது ஷார்ட். அப்படிப்பட்ட ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு புதுக் கப்ளர் போட்டால் அதுவும் உருகும்.

சரிசெய்வது

உருகிய கப்ளரை உப்புத்தாளால் தேய்த்து, முனையை நோஸ் பிளையரால் நசுக்கி மறுபடி மாட்டுவது வேண்டாம். சூடு கண்ட பித்தளைக்கு ஸ்பிரிங் விறைப்பு திரும்பி வராது, இன்றைக்கு இறுகும், ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும்.

ஒயரைக் கப்ளருக்குப் பின்னால் வெட்டி உரித்துப் பாருங்கள். செம்பு புதுக் காசு போல மின்னும் இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த இழையில் கிரிம்ப் போட்டால் (முனையை ஒயரின் மேல் நசுக்கி இறுக்கினால்) தடை அங்கேயே பிறந்துவிடும், ஈயமும் அதில் ஒட்டாது. ஒயர் குட்டையாகிவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோமொபைல் ஒயரைச் சேர்த்து நீட்டுங்கள். வீட்டு ஒயரிங்கிற்கு வாங்கிய மிச்ச ஒயர் வேண்டாம், அதன் இழைகள் தடிமனானவை, அதிர்வுக்கு ஒடியும், எஞ்சின் சூட்டுக்கு அதன் உறையும் தாங்காது.

மஞ்சள் மூன்றுக்கும் கப்ளரே தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஸ்டேட்டரைக் கழற்றுவது அபூர்வம், அந்த ஒரு நாளுக்காக எப்போதும் முழு மின்னோட்டம் ஓடும் இடத்தில் ஒரு பலவீனமான மூட்டை வைத்திருப்பது ஏன்? நேராகச் சேர்த்துவிடுங்கள். எந்த மஞ்சள் எந்த மஞ்சளோடு என்ற வரிசை தேவையில்லை, மூன்று பேஸ் ஏசி என்பதால் எப்படிச் சேர்த்தாலும் ஒன்றுதான். முதலில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள், செம்பு பட் கனெக்டரில் (இரண்டு ஒயரை நேருக்கு நேர் சேர்க்கும் சின்னக் குழாய்) இரண்டு முனையும் முழுதாக நுழைந்து கிரிம்ப் ஆகட்டும், பலமாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. அப்புறம் குழாயைச் சுருக்கினால் இரண்டு ஓரத்திலும் பசை கசிந்து தண்ணீரை அடைத்துவிடும். மூன்று மூட்டும் ஒரே இடத்தில் அருகருகே வராமல் இரண்டு விரல் அளவு தள்ளித் தள்ளி இருக்கட்டும், ஒன்று உரசினாலும் இன்னொன்றைத் தொடாது.

ஈயம் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், மேலும் இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வால் ஒடியும். நல்ல கிரிம்பிங் பிளையர் இல்லாமல் ஈயம்தான் வழி என்றால், ரோஸின் ஃப்ளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள், தகர வேலைக்கான ஆசிட் பேஸ்ட் செம்பை அரித்துவிடும். மூட்டுக்கு இரண்டு பக்கமும் ஒயரை ஃபிரேமோடு கட்டி அசையாமல் வையுங்கள்.

சிவப்பு, எர்த் பக்கத்தில் கப்ளர் வேண்டும், ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டி வரும். ரப்பர் சீல் உள்ள, 6.3 மில்லிமீட்டர் அகலத் தட்டை நாக்கு கொண்ட, வெள்ளீயப் பூச்சுள்ள முனைகளாகத் தேடி வாங்குங்கள். கிரிம்ப் செய்யும்போது முன் காது செம்பையும் பின் காது உறையையும் பிடிக்க வேண்டும், இரண்டும் செம்பின் மேலேயே விழுந்தால் ஒயர் அங்கே ஒடியும். மாட்டும் முன் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் இறுகிய முனைகள் உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொள்ளும், கிரீஸ் சுற்றி நின்று ஈரத்தைத் தடுக்கும். வாசலின் எஞ்சின் சூட்டில் உருகி ஓடிவிடும்.

ஃபியூஸை மட்டும் பெரிய அளவுக்கு மாற்றாதீர்கள், அதற்குப் பதில் கம்பியும் வைக்காதீர்கள். கூடுதல் விளக்குக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே.

எங்கே, எப்படி உட்கார வைப்பது

ஒயர் சிலிண்டர் ஹெட்டையும் சைலன்சரையும் தொடாமல் போக வேண்டும். கப்ளருக்கு முன்னால் ஒயர் ஒரு சின்ன வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஒயர் வழியாக வழியும் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ரெகுலேட்டரின் துடுப்புகளுக்கு நடுவே அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டுங்கள், மழைக்காலத்தில் மலைச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் அது சுவர் பூசியது போல இறுகியிருக்கும். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது அந்தப் பக்கம் பிரஷர் பைப்பைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

ஆரியங்காவைத் தாண்டிக் காட்டுக்குள் வாடை வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள், எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். கூடுதல் விளக்கு, மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கருகிய கப்ளரை வெட்டி, ஒயரை உரித்து, முடிந்தவரை நீளமாக முறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுற்றினால் ஊர் போய்ச் சேரலாம், வீடு வந்ததும் முறையாகச் செய்துவிட வேண்டும். முறுக்கவே வழியில்லை என்றால் மூன்று மஞ்சளையும் தனித்தனியாக மூடிவிட்டு பேட்டரியில் ஓட்டலாம், ஆனால் 9 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஹெட்லைட்டும் ஃப்யூல் இன்ஜெக்ஷனும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். ஆகவே முதலில் வருகிற ஊரிலேயே நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டி, அதே வோல்டேஜ் வீழ்ச்சியை மறுபடி அளந்து எண்ணை எழுதி வையுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஒருமுறை அதே இடங்களை அளங்கள். பழைய எண்ணைவிட 0.1 வோல்ட் ஏறியிருந்தாலே கப்ளரைத் திறந்து பாருங்கள், அந்த நிலையில் ஒரு புது முனை போட்டாலே போதும்.